நாமகிரிப்பேட்டையில் காளான் கணக்கு

ராசிபுரம் என்ற பெயரைக் கேட்டவுடன் சிலருக்கு நெய் ஞாபகம் வரும். சிலருக்கு, தம் பெயரின் முதல் எழுத்தில் அவ்வூரைச் சுமந்துகொண்டே உலகப் புகழ் பெற்ற ஆர். கே. நாராயணின் ஞாபகம் வரும். அந்த ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் பாதையில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் நாமகிரிப்பேட்டையை அடையலாம். ஒரு பக்கம் போதமலை, மற்றொரு பக்கம் கொல்லிமலை, நடுவே கிணற்றுப் பாசனத்தை நம்பிய செம்மண் பூமி. நாமக்கல்லில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயாரின் திருநாமம் இவ்வூரின் பெயரிலும் விளங்குகிறது. பழைய சேலம் ஜில்லாவைப் பிரித்து 1997-ஆம் வருஷத்தில் நாமக்கல் ஜில்லாவை அமைத்தபோது இவ்வூர் புது ஜில்லாவைச் சேர்ந்தது. நாகஸ்வர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001) வாசித்த இசைத்தட்டுகள் கல்யாண வீடுகளில் ஒலிக்கும்வரை இவ்வூரின் பெயர் தமிழ்நாட்டில் மறக்கப்படப் போவதில்லை.

நாம் அங்கே சென்றது நாகஸ்வரத்தைத் தேடி அன்று, காளானைத் தேடி. நம்மிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் சிலர், "காளான் வளர்த்தால் லாபம் உண்டா?" என்று சில காலமாக நம்மைக் கேட்டு வருகிறார்கள். பட்டம் பெற்ற உபாத்தியாயருக்குப் பஞ்சாங்கம் முதல் பால் கறப்பதுவரை எல்லாம் தெரிந்திருக்கும் என்பது நம் நாட்டாரின் நல்லெண்ணம். கேட்டவர்களில் ஒருவர், இரண்டு வளையல்களை அடகு வைத்துக் குடில் போடலாமா என்றும் கேட்டார். வளையல் சம்பந்தப்பட்ட கேள்விக்கு வாய்க்கு வந்தபடி பதில் சொல்லுவது தர்மமாகாது. ஆகையால் விவரம் அறிந்துவரப் புறப்பட்டோம்.

நாம் சென்ற நாள் செவ்வாய்க்கிழமை. அன்று நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் ஏலம் நடக்கும் நாள். கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் களத்தில் மூட்டைகள் வரிசையாகக் கிடக்கின்றன. விரலி என்றும், உருண்டை என்றும், பனங்காளி என்றும் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வியாபாரிகள் கையில் ஒரு துண்டை எடுத்து, ஒடித்து, உள்ளே நிறத்தைப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் விலை குறிக்கிறார்கள். தெருவெல்லாம் மஞ்சள் தூள் படிந்து, நம் வெள்ளை வேஷ்டியும் மங்கல வஸ்திரமாயிற்று.

இந்த மஞ்சளின் பெருமை ஒன்றைக் கவனிக்கவேண்டும். தோண்டிய கிழங்கை வேகவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மெருகேற்றி மூட்டை கட்டிவிட்டால் அது காத்திருக்கும். இந்தச் செவ்வாய் விலை பிடிக்கவில்லையென்றால் அடுத்த செவ்வாய் உண்டு. இந்த வருஷம் பிடிக்கவில்லையென்றால் அடுத்த வருஷமும் உண்டு. 2010-ஆம் வருஷத்தில் மஞ்சள் விலை உச்சிக்கு ஏறியபோது பழைய மூட்டையை வைத்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். அடுத்த இரண்டு வருஷங்களில் அது சரிந்தபோது, ஏறும் ஏறும் என்று காத்திருந்தவர்கள் வருந்தினார்கள். ஆனாலும் காத்திருப்பதா, விற்பதா என்ற தீர்மானம் விவசாயியின் கையில் இருந்தது.

சுற்றுப்புறத்து மற்றப் பொருள்களும் பெரும்பாலும் இந்தக் குணமுடையவையே. இப்பக்கத்தார் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளி, ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகவும் மாவாகவும் மாறிச் சாக்கில் உறங்குகிறது. கொல்லிமலையிலிருந்து இறங்கும் மிளகும் காப்பிக்கொட்டையும் அப்படியே. வைத்திருந்து விற்பது என்பது இந்தப் பூமியின் வியாபார வழக்கம். காளானோ வைத்திருக்க முடியாத பொருள். அதன் லாப நஷ்டமெல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்துதான் பிறக்கின்றன என்பதே நாம் பார்த்து அறிந்த உண்மை.

காளான் நமக்குப் புதிதன்று. மழை பெய்து இடி இடித்த மறுநாள் புற்றருகே கிளம்பும் காளானைப் பறித்துக் குழம்பு வைப்பது கிராமத்தார் வழக்கம். மனு ஸ்மிருதி மட்டும் அதை விலக்கியது. அதே வரிசையில் வெங்காயத்தையும் பூண்டையும் விலக்கியது. வெங்காயத்தையும் பூண்டையும் மன்னித்துவிட்ட வீடுகள் பல, காளானை மட்டும் நெடுங்காலம் வாசலில் நிறுத்தி வைத்தன. இப்பொழுது அதையும் உள்ளே அழைக்கத் தொடங்கியிருக்கின்றன.

நிலத்தில் தானாக முளைப்பதை மனிதன் வீட்டில் முளைக்கச் செய்வதுதான் புதிய வித்தை. 1940-ஆம் வருஷத்திலேயே கோயமுத்தூர் விவசாய ஆராய்ச்சியாளரான கே. எம். தாமஸும் அவருடைய சகாக்களும் வைக்கோல் காளானை வளர்த்துப் பார்த்தார்கள். 1943-இல் அதைப் பற்றி எழுதினார்கள். 1962-இல் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நம் சீதோஷ்ணத்திற்கு ஏற்ற ரகங்களை ஒவ்வொன்றாக வெளியிட்டு வந்தார்கள். அவற்றில் 1998-இல் வந்த 'ஏ.பி.கே. 1' என்னும் பால் காளான் முக்கியமானது. அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கிய அந்த ரகம், அவ்வூர் வெயிலைப் போலவே 30 முதல் 35 டிகிரி உஷ்ணத்திலும் நன்றாக வளரும். ஹோட்டல்களில் பரிமாறும் மொட்டுக் காளானுக்கோ 14 முதல் 18 டிகிரிக் குளிர்ச்சி வேண்டும். அது உதகமண்டலத்திற்கும், பெரிய முதலாளிகளின் குளிர் அறைகளுக்கும் உரியது. ஓலைக் குடிலுக்கு உரியதன்று.

ஏலக் களத்திலிருந்து புறப்பட்டு, முள்ளுக்குறிச்சி செல்லும் திசையில் ஒரு சிற்றூரில் ஓர் அம்மாள் நடத்தும் காளான் குடிலைப் பார்த்தோம். வீட்டின் பின்புறம் தென்னையோலை வேய்ந்த குடில். சுற்றிலும் பூச்சி புகாதபடி நைலான் வலை. தரையில் ஆற்று மணல். உள்ளே நுழைந்தவுடன் வெளியே கொளுத்திய வெயில் மறந்துபோயிற்று. உறியில் பானை தொங்குவதுபோல், கயிறுகளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பாலிதீன் பைகள் தொங்குகின்றன. சில பைகள் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுத்திருக்கின்றன. சிலவற்றில் சாம்பல் வெள்ளைச் சிப்பிகள் கொத்துக் கொத்தாக விரிந்திருக்கின்றன.

வேலையின் வரிசை இது. வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு கொதிநீரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைக்கவேண்டும். எடுத்து உலர்த்தும்போது பக்குவம் பார்ப்பதற்குக் கைதான் கருவி: பிழிந்தால் சொட்டக்கூடாது, ஆனால் கையில் ஈரம் தெரியவேண்டும். பையில் ஓர் அடுக்கு வைக்கோல், அதன்மேல் காளான் வித்து, மறுபடி வைக்கோல் என்று நிரப்பிக் கட்டி, காற்றுக்குத் துவாரம் இட்டுத் தொங்கவிட்டால், பதினைந்து முதல் இருபது நாட்களில் பூசண இழை முழுவதும் பரவிவிடும். பையைக் கிழித்துவிட்டு, தினம் தண்ணீர் தெளித்துக் குளிர்ச்சியைக் காத்தால் சில நாட்களில் மொட்டுவிட்டுச் சிப்பி விரியும். ஒரு படுக்கை சுமார் 45 நாட்களுக்குள் மூன்று முறை பலன் கொடுத்து ஓய்ந்துவிடும். மிஞ்சிய வைக்கோலை மக்கவைத்தால் தோட்டத்திற்கு எருவாகும்.

"பார்க்கறதுக்கு லேசான வேலைதானுங்க, வாத்தியாரய்யா," என்றார் அந்த அம்மாள். "ஆனா ஒரு நாளு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாக்கூட அதுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க."

இது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. சரியாக வேகாத வைக்கோலில் பச்சைப் பூசணம் படரும். வலை கிழிந்தால் சிறு ஈக்கள் புகுந்து முட்டையிடும். பழைய வித்து வாங்கினால் படுக்கை முளைக்காமலே நாறும். குடிலுக்குள் விரிந்த காளான் விடும் நுண்தூளை நெடுநாள் சுவாசித்தால் இருமலும் மூச்சுத் திணறலும் வருவதுண்டு; ஆகையால் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பறிப்பதும், சிப்பி முற்றி ஓரம் சுருளுமுன் பறிப்பதும் நல்லது.

இவ்வளவையும் பழகிக்கொள்ளலாம். பழக்கத்தால் தீராத விஷயம் ஒன்று உண்டு. புதுக் காளானில் பத்துப் பங்கில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆகவே, 'மாமிசத்திற்கு நிகரான புரதம்' என்று விளம்பரம் செய்வதை, காய்ந்த காளானுக்குச் சொல்லும் கணக்கைப் புதுக் காளானின் தலையில் ஏற்றிய மிகை என்றே கொள்ளவேண்டும். புதுக் காளானில் புரதம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். உணவுக்கு இதனால் குறைவில்லை. ஆனால் வியாபாரத்தில் இந்தத் தண்ணீர்தான் எஜமானன். காலையில் பறித்த சிப்பிக் காளான் சாதாரண உஷ்ணத்தில் மறுநாள் காலையில் வாடி, நிறம் மாறி, எடையும் குறைந்துவிடும். குளிர்ப்பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். பால் காளான் சிறிது அதிகம் பொறுக்கும். காயவைக்கலாம் என்றால், பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோதான் தேறும். அந்த ஒரு கிலோவைப் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்க நாமகிரிப்பேட்டைச் சந்தையில் யார் காத்திருக்கிறார்கள்?

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே சொல்லும் விலைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. நேயர்கள் தத்தம் ஊர் விலையை இட்டு மாற்றிக்கொள்ளலாம். ஒரு குடும்பம் தினம் பத்துப் படுக்கை போடுகிறது. படுக்கைக்கு அரைக் கிலோ உலர்ந்த வைக்கோல் என்று கொள்வோம். கிலோ 10 ரூபாய் வீதம் 5 கிலோ வைக்கோலுக்கு 50 ரூபாய். பொட்டலம் 40 ரூபாய் வீதம் ஐந்து பொட்டலம் வித்துக்கு 200 ரூபாய். பைகளுக்கு 30, விறகுக்கு 50, தண்ணீர் மின்சாரத்திற்கு 20, விற்பனைப் பொட்டலங்களுக்கு 30. ஆக 380 ரூபாய். குடிலுக்கு 60,000 ரூபாய் செலவாகி அது மூன்று வருஷம் நிற்கும் என்றால், நாளொன்றுக்குச் சுமார் 55 ரூபாய் தேய்மானம். மொத்தம் 435 ரூபாய்.

உலர்ந்த வைக்கோல் ஒரு கிலோவுக்கு முக்காலே அரைக்கால் கிலோவரை எதிர்பார்ப்பவர்கள் உண்டு. நாம் அடக்கமாக 800 கிராம் என்றே கொள்வோம். 5 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ காளான். கடைக்காரர் கிலோவுக்கு 160 ரூபாய் கொடுத்தால் வரவு 640. செலவு போகக் கையில் 205 ரூபாய். காகிதத்தில் இது அழகான கணக்கு. விளம்பரத் தாள்களில் அச்சாவதும் இதுதான். பெரும்பாலும் தேய்மானத்தைக்கூடக் கழிக்காமல் அச்சாகிறது.

இப்பொழுது பத்துப் படுக்கையில் ஒன்று கெட்டது என்று வையுங்கள். 3 கிலோ 600 கிராம்தான் தேறும். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கடைக்காரர், "நேற்றைய சரக்கே கிடக்கிறது" என்று திருப்பிவிட்டார் என்று வையுங்கள். விற்றது 2 கிலோ 880 கிராம். வரவு சுமார் 461 ரூபாய். கையில் நிற்பது 26 ரூபாய்! இருவர் காலையிலும் மாலையிலும் குனிந்து நிமிர்ந்த உழைப்புக்கு இன்னும் கூலியே போடவில்லை. பத்தில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் சிறு சேதங்கள்போலத் தோன்றி, லாபத்தில் ஏறக்குறைய ஒன்பதில் எட்டுப் பங்கை விழுங்கிவிட்டன.

மூன்றாவது கணக்கும் ஒன்று உண்டு. படுக்கையில் ஒன்று கெட்டது கெட்டதாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் குடும்பம் முன்கூட்டியே இருபது வீடுகளிலும் ஓர் உணவு விடுதியிலும் பேசிவைத்து, கிலோ 200 ரூபாய்க்கு நேரே கொடுக்கிறது. ஒன்றும் திரும்பி வருவதில்லை. வரவு 720. கையில் 285 ரூபாய். விளைச்சல் குறைந்தும் லாபம் முதற்கணக்கைவிட அதிகம்! ஆகவே, காளானில் லாபம் விளைவது குடிலில் இல்லை, அன்றாட வாடிக்கையில் என்று ஏற்படுகிறது. நாம் பார்த்த அம்மாளும் முதலில் தினம் நான்கே படுக்கை போட்டு, தெருவில் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பழக்கி, வாடிக்கை சேர்ந்த பிறகே படுக்கையைக் கூட்டியதாகச் சொன்னார். "மொதல்ல வாய் பார்த்தேனுங்க, அப்புறந்தான் வைக்கோல் வாங்கினேன்," என்றார்.

இதைச் சொல்லும்போது எச்சரிக்கையாக மற்றொன்றையும் சொல்லவேண்டும். "நாங்களே வித்துத் தருகிறோம், விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று அழைக்கும் கம்பெனிகள் அவ்வப்போது தோன்றுகின்றன. விற்பனைக் கவலை தீர்ந்தது என்று ஏழைக் குடும்பத்தார் மயங்குவது இயற்கை. பக்கத்து ஜில்லாவில், பெருந்துறையை மையமாகக் கொண்டு ஈமு கோழித் திட்டங்கள் எழுந்து, 2012-ஆம் வருஷத்தில் சரிந்தபோது, முன்பணம் கட்டியவர்கள் பறவைக்குத் தீனி போடவும் வழியில்லாமல் நின்றதைக் கொங்கு நாடு மறந்திருக்காது. அங்கே வாங்குபவர் என்று ஒருவரே இருந்தார். உண்ணுபவர் யாரும் இல்லை. பொருளை உண்ணும் ஜனங்கள் எங்கே என்று காட்ட முடியாத திட்டத்தில் ஒரு ரூபாயும் போடலாகாது.

ஆனால் அழியும் பொருளை வைத்துக்கொண்டு வாழ முடியாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இதே நாமக்கல் ஜில்லா அதற்கு நேர் மாறான சாட்சி. கோழி முட்டையைப்போல் உடையக்கூடியதும் கெடக்கூடியதும் வேறு என்ன இருக்கிறது? அந்த முட்டையை வைத்துக்கொண்டே நாமக்கல் பாரத தேசமெங்கும் பெயர் பெற்றிருக்கிறது. 1982-இல் ஏற்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவிக்கிறது. பண்ணையிலிருந்து வண்டிகள் நாள்தோறும் எடுத்துச் செல்கின்றன. 1989 முதல் பள்ளிக்கூடச் சத்துணவில் முட்டை சேர்ந்து, நிலையான வாடிக்கை ஒன்றும் உண்டாயிற்று. பாலும் அப்படியே. இரண்டு மாடு வைத்திருக்கும் அம்மாள் பாலை எங்கே விற்பது என்று கவலைப்படுவதில்லை. விடியற்காலையில் சங்கத்தில் ஊற்றிவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கிறார்.

ஜவ்வரிசியின் கதையும் இதற்குத் துணை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது மலேயா பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோயிற்று. பாயசத்திற்கு ஜவ்வரிசி கேட்டுக் கடைவாசலில் ஜனங்கள் நின்றார்கள். அந்த வேளையில், 1943-ஐ ஒட்டி, சேலத்து வியாபாரி மாணிக்கஞ் செட்டியார் முதலியோர் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் துணிந்தார்கள். கேட்கிறவர்கள் முன்பே இருந்தார்கள். செய்கிறவர்கள் பிறகு வந்தார்கள். 1981-இல் சேலத்தில் கூட்டுறவு விற்பனைச் சங்கமும் அமைந்து, சிறு ஆலைக்காரர்களின் சரக்கு ஏலத்திற்கு வர வழி பிறந்தது.

காளானுக்கு இத்தகைய ஏற்பாடு செய்வது கடினமா? பெண்களின் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் அடுத்த தர்மபுரி ஜில்லாவில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவியிருக்கின்றன. ஓர் ஊரில் பத்து வீட்டார் தனித்தனியே பத்துப் படுக்கை போட்டு, பத்துப் பேரும் ஒரே கடைக்காரரிடம் போய் நின்றால் விலை விழத்தான் விழும். அந்தப் பத்து வீட்டாரும் முறை வைத்துக்கொண்டு, இன்று இவர் பறிப்பு, நாளை அவர் பறிப்பு என்று அளவை நிதானப்படுத்தி, ஒருவர் கையில் காலை பஸ்ஸில் ராசிபுரத்திற்கும் சேலத்திற்கும் அனுப்பினால், கடைக்காரருக்கும் சரக்கு நிச்சயம், வீட்டாருக்கும் பணம் நிச்சயம். புரட்டாசியில் மாமிசம் விலக்கும் வீடுகளுக்கு அதிகமாகவும், மற்ற நாட்களில் குறைவாகவும் படுக்கை போடுவது அனுபவத்தில் வரும். கோடையில் சிப்பியைக் குறைத்துப் பால் காளானைக் கூட்டலாம். வைக்கோல் நமக்குள்ள பெரிய செலவுகளில் ஒன்று. இப்பக்கத்து நெல் குறைவாதலால் காவேரிப் பாசனப் பிரதேசத்திலிருந்து லாரியில் வருவதை மாட்டுக்காரரோடு போட்டியிட்டு வாங்கவேண்டியிருக்கிறது. மக்காச்சோளத் தட்டும் கரும்புச் சக்கையும்கூடக் காளானுக்கு உதவும் என்பதால், அறுவடைக் காலத்தில் பல வீட்டார் சேர்ந்து வாங்கினால் சகாயமாகக் கிடைக்கும்.

தொழிலைக் கற்பதற்கும் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காளான் வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறார்கள். கோயமுத்தூர்ப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கிறார்கள். வித்தை நம்பகமான இடத்தில், தேதி பார்த்து, புதிதாக வாங்கவேண்டும் என்பது அங்கே முதல் பாடம்.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. முதல் மூன்று மாதம் குடிலே வேண்டாம். வீட்டில் நிழலும் ஈரமும் உள்ள ஒரு மூலையில் பத்துப் பை தொங்கவிட்டுப் பாருங்கள். எத்தனை பை கெட்டது, எத்தனை கிராம் பறித்தோம், எத்தனை கிராம் விற்றோம், எத்தனை கிராம் நம் வீட்டுக் குழம்பில் போயிற்று என்று பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் தினம் எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கு ஒரு மணிக்கு இவ்வளவு என்று கூலியும் எழுதுங்கள். வீட்டுப் பெண்ணின் வேலைக்கு விலையில்லை என்று கணக்குப் போட்டால் எந்தத் தொழிலும் லாபமாகத்தான் தோன்றும். மூன்று மாதத்திற்குப் பிறகும் பறித்ததெல்லாம் அன்றன்றே விற்று, கூலி போகக் கொஞ்சம் மிஞ்சுகிறதென்றால், குடில் போடுங்கள். அப்பொழுதும் வளையல் கையிலேயே இருக்கட்டும். குடிலைப் பறித்த காளானின் பணமே கட்டித் தரட்டும்.